ஒரு கிலோவுக்கு 14 யூனிட்

மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி என்றால் மேட்டூரில் பலருக்குப் புரியாது, மால்கோ என்றால்தான் புரியும். 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2008-ன் இறுதியில் உருக்குவதை நிறுத்தியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டி வந்த பாக்சைட், ஒரே வளாகத்துக்குள் அலுமினாவாகி, பிறகு உலோகமும் ஆகிக்கொண்டிருந்த இடம் அது. உலகச் சந்தையில் அலுமினியம் விலை சரிந்த நேரத்தில் நிலக்கரிச் செலவு ஏறியிருந்தது. ஒரு டன் எடுக்க ஆகும் செலவு, அதை விற்கும் விலையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆலைக்கென்று கட்டிய அனல் மின்நிலையம் உடனே நிற்கவில்லை. மேலும் பல ஆண்டுகள் ஓடி, மின்சாரத்தை வெளியே விற்றது. மின்சாரத்தை அலுமினியமாக மாற்றி விற்பதைவிட மின்சாரமாகவே விற்பது மேல் என்று கணக்கு வந்துவிட்டது.

அலுமினியத்தின் பயன்களைப் பேசும் கட்டுரைகள் வழக்கமாக அதன் குணங்களை வரிசைப்படுத்தும். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும், வளைக்கலாம், வார்க்கலாம், தாளாகத் தட்டலாம். எல்லாம் உண்மை. ஆனால் எந்தப் பயன் நல்ல பயன் என்று எடைபோட அந்தப் பட்டியல் போதாது. மேட்டூர்க் கணக்கைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இந்த உலோகத்துக்குள் போன மின்சாரத்தை எந்தப் பயன் திருப்பித் தருகிறது, எது விழுங்கிவிடுகிறது?

பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் அலுமினியம். உலோகங்களில் இதைவிட அதிகம் கிடைப்பது எதுவும் இல்லை. இருந்தும் 1825-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் முதன்முதலாகப் பிரித்தெடுக்கும்வரை அதை யாரும் உலோகமாகப் பார்த்ததில்லை. ஆக்சிஜனோடு அது கொண்ட பிணைப்பு அவ்வளவு வலுவானது. இரும்பைப்போல் கரியோடு சேர்த்து உலையில் போட்டுப் பிரிக்க முடியாது. 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டார்கள். இருவருக்கும் அப்போது வயது 22, 23. உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தும் முறை அது. அடுத்த சில ஆண்டுகளில் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைச் சுத்தமாகப் பிரிக்கும் வழியை பேயர் தந்தார். இன்று உலகில் எங்கே அலுமினியம் உருக்கினாலும் அடிப்படை இதே இரண்டு முறைகள்தான்.

உருக்காலையில் ஒவ்வொரு தொட்டியும் 950 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் இரவும் பகலும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு தொட்டிக்கு மின்னழுத்தம் நாலு வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பாயும் மின்னோட்டம் லட்சக்கணக்கான ஆம்பியர். நூற்றுக்கணக்கான தொட்டிகள் ஒரே தொடரில் கோக்கப்பட்டிருக்கும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் தொட்டிக்குள் உள்ளது உறைந்து கட்டியாகிவிடும், மீட்பது பெரும்பாடு. அதனால்தான் இந்த ஆலைகள் தமக்கென்று மின்நிலையம் கட்டிக்கொள்கின்றன. நாலைந்து டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் உலோகம். அந்த ஒரு டன்னுக்குத் தொட்டியில் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 14,000 யூனிட், கிலோவுக்கு 14 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது நமக்குத் தெரிந்த அளவு. ஒரு டன் அலுமினியம் தின்பது ஒரு வீட்டின் 23 ஆண்டு இலவச மின்சாரம்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து உலோகத்தின் குணமே மாறுகிறது என்று சொல்லலாம். 1943-ல் கேரளத்தில் ஆலுவா அருகே இந்தியாவின் முதல் அலுமினிய இங்காட் வார்க்கப்பட்டபோது அதற்குத் துணை பள்ளிவாசல் நீர்மின் திட்டம். இன்று உருக்கு வேலை ரேணுகூட், கோர்பா, அங்குல், ஜார்சுகுடா என்று நிலக்கரி இருக்கும் திசைக்குப் போய்விட்டது. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு டன் அலுமினியத்துக்கு மின்சாரக் கணக்கில் மட்டுமே 14 டன். சீனாவுக்கு அடுத்து உலகில் அதிகம் உருக்கும் நாடு இந்தியா, ஆண்டுக்கு 40 லட்சம் டன்னை ஒட்டி. இந்தப் பெருமையோடு அந்தப் புகையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உருக்கும்போது வாங்கிய இந்த மின்சாரக் கடனைச் சந்தேகமில்லாமல் அடைக்கும் பயன் நம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. ஒரே பருமனுள்ள கம்பியில் அலுமினியம் செம்பு கடத்துவதில் 61 சதவீதம்தான் கடத்தும். ஆனால் எடை செம்பில் 30 சதவீதம். ஆக, அதே மின்சாரத்தை அதே இழப்போடு கொண்டுபோகச் செம்பில் பாதி எடை அலுமினியம் போதும். கோபுரத்துக்குச் சுமை குறைகிறது, கோபுரங்களை இன்னும் தள்ளித் தள்ளி நடலாம். இழுவிசைக்குத் தாங்காதே என்ற குறைக்கு நடுவில் எஃகுக் கம்பியை வைத்து மேலே அலுமினியப் புரிகளைச் சுற்றினார்கள். இந்தக் கண்டக்டர்களுக்கு விலங்குப் பெயர்கள். கிராமத்து 11 கே.வி. லைனில் ராபிட், பெரிய லைன்களில் பேந்தர், ஜீப்ரா, 400 கே.வி.யில் மூஸ். நம் நீலகிரியின் குந்தா என்ற பெயரிலேயே ஒரு கண்டக்டர் உண்டு. ஜீப்ராவை வெட்டி முகப்பைப் பார்த்தால் நடுவில் ஏழு எஃகு இழை, சுற்றிலும் மூன்று அடுக்காக 54 அலுமினிய இழை, ஒவ்வொன்றும் 3.18 மில்லிமீட்டர். பாரத்தை நடுவில் உள்ளது தாங்குகிறது, மின்சாரத்தைச் சுற்றியுள்ளது சுமக்கிறது. அடிக்கும் வெயிலிலும் கடற்காற்றிலும் பல பத்தாண்டுகள் அப்படியே தொங்கும். இறக்கினாலும் வீணாவதில்லை, நேராக உலைக்குப் போகும்.

இதே கம்பி வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. காற்றுப் பட்ட கணத்தில் அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். துருவிலிருந்து காப்பது அந்தப் படலம்தான், மின்சாரத்தை மறிப்பதும் அதே படலம்தான். ஸ்க்ரூவின் இறுக்கத்தில் உலோகம் மெல்ல நசுங்கி இளகும். இணைப்பு தளரும், சூடேறும், தீப்பொறி கிளம்பும். செம்போடு நேராக இணைத்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். அதனால்தான் டிரான்ஸ்பார்மர் இணைப்புகளில் ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமான பைமெட்டாலிக் லக் போடுகிறார்கள். பழைய வீட்டில் அலுமினிய வயரிங் இருந்தால் சுவிட்சுக்குச் சுவிட்சு முனைகளைத் திறந்து பார்ப்பது அவசியம்.

மோட்டாருக்குள் இந்த உலோகம் செய்யும் வேலையை வெளியிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரின் பம்பு செட்டுப் பட்டறைகளில் ரோட்டர் வார்க்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் புரியும். மெல்லிய எஃகு ஸ்டாம்பிங்குகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, ஓட்டைகள் லேசாகச் சாய்வாக வரும்படி திருப்பி, அச்சுக்குள் வைக்கிறார்கள். 700 டிகிரியில் உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு உள்ளே தள்ளினால், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கம்பி, இரு முனைகளிலும் வளையம், சில ரோட்டர்களில் காற்றடிக்கும் இறக்கைகள்கூட, எல்லாம் ஒரே வார்ப்பில் உருவாகிவிடும். வெல்டிங் இல்லை, பற்றவைப்பு இல்லை. அச்சைத் திறந்தால் கூண்டு தயார். ஆனால் உள்ளே எங்காவது காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சூடாக ஓடும், கரண்ட் அதிகம் இழுக்கும், அந்தச் செலவை இருபது வருடம் ஒரு கிணற்றடியில் யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். வார்க்கும்போது எடுத்துக்கொள்ளும் கவனம், வார்த்த உலோகத்தின் விலையைவிடப் பெரியது.

பிஸ்டனும் இந்த வரிசையில்தான் வரும். ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியக் கலவையில் வார்க்கிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடுகிற பாகம் கனமாக இருந்தால் எஞ்சின் தன்னைத் தானே ஆட்டிக்கொண்டு சக்தியை வீணடிக்கும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் வெப்பத்தை வேகமாக வெளியே கடத்துகிறது, சிலிக்கான் அதன் விரிவைக் கட்டுப்படுத்துகிறது. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியபோதே அதன் எஞ்சின் உடல் அலுமினியமும் செம்பும் கலந்த வார்ப்படம். எஃகில் செய்திருந்தால் அந்தச் சிறு எஞ்சின் தன் எடையையே தூக்க முடியாமல் தவித்திருக்கும்.

சுத்த அலுமினியம் மென்மையானது. அதை விமானத்துக்கு ஏற்றதாக்கிய கண்டுபிடிப்பு ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் செய்தது. சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்த்துச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த கலவை, சும்மா வைத்திருந்தாலே சில நாட்களில் கெட்டிப்படுவதை 1906-ல் அவர் கவனித்தார். டூராலுமின் அங்கிருந்து பிறந்தது. பிறகு பல பத்தாண்டுகள் விமான உடல் என்றாலே அலுமினியம்தான். இன்று போயிங் 787-ல் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை, அலுமினியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ராக்கெட்டில் அந்த இடம் இன்னும் பறிபோகவில்லை. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைப் பிடித்துவைக்கும் தொட்டி, அந்தக் குளிரில் நொறுங்காமல் இருக்க வேண்டும். பல எஃகுகள் அந்தக் குளிரில் கண்ணாடியாக உடையும், அலுமினியமோ குளிரக் குளிர வலுவாகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் அடுக்குகளின் தொட்டிகள் 2219 என்ற செம்பு கலந்த அலுமினியத்தால் ஆனவை. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்குத் திட எரிபொருளிலும் அலுமினியப் பொடி உண்டு. அங்கே அது கூடு அல்ல, விறகு.

தரையில் ஓடும் வண்டிகளுக்கு வந்தால் கணக்கு கூர்மையாகிறது. வண்டியின் எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் எரிபொருள் ஆறிலிருந்து எட்டு சதவீதம் மிச்சமாகும் என்பது வாகனத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. வண்டி ஓடினால்தான் அந்த மிச்சம் கிடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் வாசலில் நிற்கும் சொகுசுக் காரின் உடலை அலுமினியத்தில் செய்தால், உருக்கும்போது வாங்கிய கடன் அடைய வெகுகாலம் ஆகும். நாள் முழுவதும் நின்று நின்று கிளம்பும் நகரப் பேருந்தும் மெட்ரோ ரயிலும் அதே கடனைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஜப்பானின் ஷின்கான்சென் 1980-களிலிருந்தே அலுமினிய உடலில் ஓடுகிறது. இந்தியாவில் புனே மெட்ரோவுக்கு அலுமினியப் பெட்டிகள் உள்நாட்டிலேயே கட்டப்பட்டன. 2022-ல் புவனேஸ்வரத்தில் அலுமினிய சரக்கு ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. எஃகுப் பெட்டிகளைவிட மொத்தத்தில் 180 டன் எடை குறைவு என்றார்கள். காலியாகத் திரும்பும்போதும் அந்த 180 டன்னை இழுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம்.

கட்டடத் துறை இந்த உலோகத்தை வாங்கிக் குவிக்கிறது. 6063 கலவையின் பில்லெட்டை 450 டிகிரிக்கு மேல் சூடாக்கி அச்சுத் துளை வழியே பிதுக்கினால், முறுக்கு அச்சில் மாவு வருவதுபோல் நீளநீளமாக செக்ஷன் வெளியே வரும். ஜன்னல், பார்ட்டிஷன், சோலார் பேனலின் சட்டம் எல்லாம் அப்படி வந்தவை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரும்பு ஜன்னல் பத்தாண்டில் அரித்து உதிரும் இடத்தில், சரியாக அனோடைஸ் செய்த அலுமினியம் நிற்கும். மேற்பூச்சின் தடிமன் எத்தனை மைக்ரான் என்று கேட்டு வாங்குகிறவர் குறைவு, கேட்பவருக்கு நல்ல சரக்கு கிடைக்கும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஏ.சி.பி. ஷீட்டைப் பற்றி மட்டும் உரக்கவே சொல்ல வேண்டும். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017-ல் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அந்தவகைப் பலகையின் பாலிஎத்திலீன் நடுப்பகுதிதான் தீயை மாடிக்கு மாடி ஏற்றியது. நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பளபளக்கும் முகப்புகளில் நடுவில் என்ன இருக்கிறது என்று கட்டட அனுமதி தரும்போதே பார்த்தாக வேண்டும்.

பொடியான அலுமினியம் வேறு ஒரு பிராணி. தண்டவாளத்தை இணைக்கும் இடத்தில் அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து பற்றவைத்தால், 2,000 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் உருகிய இரும்பு வழிந்து இடைவெளியை நிரப்பும். 1890-களில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் தந்த இந்த முறை இன்றும் ரயில் பாதையோரம் நடக்கிறது. மின்சாரம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். உருக்காலையில் உள்ளே அடைத்த சக்தி அங்கே ஒரு நிமிடத்தில் வெளியே வருகிறது. அதே சக்திதான் சிவகாசியில் வெள்ளொளியாகவும் வெடிச்சத்தமாகவும் வருகிறது. மருந்துக் கலவையில் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி தானாகச் சூடேறத் தொடங்கும், ஹைட்ரஜனும் கிளம்பும். கலக்கும் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற வரம்புகள் இந்த வேதியியலிலிருந்து வந்தவை. அவற்றை மீறும் ஒவ்வொரு முறையும் உயிரை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.

இன்னொரு மூலையில், சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேர்ந்த கூழில் சிட்டிகைப் பொடி போட்டால் அதே ஹைட்ரஜன் குமிழ்களாகப் பொங்கி, எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் உருவாகிறது. எஃகு ஆலையில் உருகிய எஃகிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சவும் அலுமினியம் போடுகிறார்கள்.

சமையலறைக்கும் இதற்கும் சென்னையிலிருந்தே ஒரு பழைய தொடர்பு உண்டு. 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று பலரும் கேட்பது அலுமினியச் சட்டியில் சமைக்கலாமா என்பதை. புளிக்குழம்பும் தக்காளியும் கொஞ்சம் உலோகத்தைக் கரைக்கும், அதில் ஐயமில்லை. உணவுச் சேர்மங்களை ஆராயும் உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் அமைப்பு கூட்டுக் குழு 2011-ல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். மறதி நோய்க்கும் அலுமினியத்துக்கும் உள்ளதாகச் சொல்லப்பட்ட தொடர்பு இத்தனை ஆண்டு ஆராய்ச்சியிலும் நிரூபணமாகவில்லை. எனக்குப் பயம் வேறு இடத்தில். பேட்டரித் துண்டு, எஞ்சின் துண்டு, பெயின்ட் அடித்த தகடு என்று கலந்த கழிவை உருக்கி முத்திரை இல்லாமல் வார்த்த மலிவுப் பாத்திரத்தில் காரீயம் இருக்கலாம். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. புளி, மோர், ஊறுகாயை எவர்சில்வருக்கு மாற்றிவிட்டு, குக்கரை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பேக்கிங்கில்தான் கடன் அடையாத பயன் அதிகம். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாள் ஈரத்தையும் ஒளியையும் தடுத்து மருந்தைக் காக்கிறது, அதைக் குறைசொல்ல முடியாது. குளிர்பான கேன் பதினாலு கிராம் எடைதான், குப்பையிலிருந்து பொறுக்கி உருக்கினால் மறுபடி கேனாகலாம். ஆனால் பழச்சாறு டப்பாவில் அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் ஆறு மைக்ரான் படலத்தைப் பிரித்தெடுப்பது கடினம். சிப்ஸ் பொட்டலத்தின் உட்புறப் பளபளப்போ மைக்ரானில் ஒரு சிறு பங்கு. அதை உலகில் யாரும் உலோகமாக மீட்பதில்லை. சிப்ஸைச் சில மாதம் மொறுமொறுப்பாக வைக்க இந்த உலோகம் நிரந்தரமாகத் தொலைகிறது.

சுரங்கத்தின் பக்கமும் கடன் இருக்கிறது. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒரு டன்னுக்கு மேல் சிவப்புச் சேறு மிஞ்சும், காரம் நிறைந்தது. 2010 அக்டோபர் 4-ல் ஹங்கேரியின் ஆய்காவில் அந்தச் சேற்றைத் தேக்கிய குட்டையின் கரை உடைந்து ஊருக்குள் பாய்ந்து 10 பேரைக் கொன்றது. ஒடிசாவின் நியம்கிரியில் டோங்ரியா கோண்டு மக்கள் தங்கள் மலையைப் பாக்சைட் சுரங்கத்துக்குத் தர மாட்டோம் என்றார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகளும் மறுத்தன. அலுமினியம் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் கூடவில்லை. அந்த மலையில் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன், அதை மதித்தபடியே உலோகம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழையதிலிருந்து வரலாம். பயன்படுத்திய அலுமினியத்தை உருக்க, பாக்சைட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். 660 டிகிரியில் உருகும், எத்தனை முறை உருக்கினாலும் உலோகம் உலோகம்தான். நூறு வருடத்துக்கு முன் கொட்டிய மின்சாரம்கூட அதற்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு லாபம் இருந்தும் இந்தியா தன் அலுமினியக் கழிவில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறது. இங்கே சேருவது குறைவு, சேருவதும் கலந்துகிடக்கிறது.

அந்தக் கலப்புதான் முக்கியமான சிக்கல். பழைய இரும்புக் கடையின் தராசில் ஜன்னல் செக்ஷன், குக்கர் மூடி, ஸ்கூட்டர் எஞ்சின் கேஸ், இ.பி. கம்பித் துண்டு எல்லாம் ஒரே சாக்கில் ஏறுகின்றன. கம்பி ஏறக்குறைய சுத்த அலுமினியம், செக்ஷனில் மக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சம், எஞ்சின் கேஸில் சிலிக்கானும் செம்பும் ஏராளம். ஒன்றாக உருக்கிவிட்டால் அந்தச் சிலிக்கானையும் செம்பையும் இரும்பையும் திரும்பப் பிரிக்க மலிவான வழி இல்லை. அதனால் கலந்த உலோகம் கீழிறங்கி எஞ்சின் வார்ப்படமாகத்தான் ஆக முடியும். அனுபவமுள்ள கடைக்காரர்கள் சுத்தியலால் தட்டி, உடைந்த முகப்பின் தன்மையைப் பார்த்தே வார்ப்படத்தையும் செக்ஷனையும் பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரித்த சரக்குக்கு விலையும் கூடுதல். ஆனால் அவசரத்தில் சேரும் பெரும்பகுதி பிரியாமலே போகிறது.

இதுவரை கலந்த சரக்கையெல்லாம் பெட்ரோல், டீசல் வண்டிகளின் எஞ்சின் பிளாக்கும் கியர்பாக்ஸும் வாங்கிக்கொண்டன. மின்சார வண்டியில் அந்த எஞ்சின் இல்லை. மோட்டார் கூடு, பேட்டரிப் பெட்டி என்று அது கேட்கும் அலுமினியத்தில் கணிசமான பங்கு செக்ஷனும் தகடுமாக, இரும்பும் செம்பும் கலக்காத சுத்தமான கலவை. செம்பும் சிலிக்கானும் ஏறிய சரக்குக்கு இன்னும் பதினைந்து, இருபது ஆண்டில் வாங்குவார் குறையலாம். மத்திய அரசு 2025-ல் அறிவித்த விதிகள், அலுமினியம் போன்ற உலோகங்களை விற்கும் உற்பத்தியாளரே பழையதைத் திரும்பச் சேர்க்கவும் பொறுப்பு என்று 2026 ஏப்ரலிலிருந்து சொல்கின்றன. அதில் எத்தனை டன் சேர்ந்தது என்பதோடு எந்தக் கலவை எவ்வளவு பிரிந்து சேர்ந்தது என்றும் கேட்டால், கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்கும் ஒரகடத்து வாகன ஆலைக்கும் வேண்டிய சரக்கில் கணிசமான பங்கு நம் பழைய இரும்புக் கடைகளிலிருந்தே கிடைக்கும். அதற்குத் தேவை, கையில் பிடித்துக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ரே கருவி வட்டாரத்துக்கு ஒன்று. அதோடு அதைக் கையாளப் பழகிய ஆட்களும், பிரித்த சரக்குக்குக் கூடுதல் விலை தரும் கொள்முதல் முறையும்.